ஜஃபூராவுக்கே போ, தம்பி

மன்னார்குடி
19 ஜூன் 2022

அன்புள்ள தம்பிக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை.

கம்பெனி உன்னிடம் இரண்டு இடம் சொல்லியிருப்பதாகக் குரல் செய்தி அனுப்பியிருந்தாய். சவுதியில் ஸுலூஃப் எண்ணெய் வயலில் வேலை ஒன்று, ஜஃபூரா கேஸ் வயலில் வேலை இன்னொன்று. ஸுலூஃபில் மாதம் கொஞ்சம் கூடுதலாக வரும், அதை நம்பி மாடி கட்ட பேங்க் லோன் போடலாம் என்கிறாய். போனில் சொன்னால் டூட்டி களைப்பில் "சரிப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ சொல்லும் கணக்கில் தப்பு ஒன்றும் இல்லை. போன வருஷம் சவுதி அரசின் எண்ணெய்க் கம்பெனியான அராம்கோவின் லாபம் 11,000 கோடி டாலர். இந்த வருஷம் 4,000 கோடியிலிருந்து 5,000 கோடி டாலர் வரை முதலீடு செய்யப்போவதாக மார்ச்சில் அறிவித்தார்கள். போன மாதம் ஆப்பிளையே தாண்டி உலகத்திலேயே மதிப்பு அதிகமான கம்பெனி ஆகிவிட்டது. கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 120 டாலரைத் தாண்டிப் போய் வந்தது. இங்கே வரியைக் குறைத்த பிறகும் சென்னையில் பெட்ரோல் 102 ரூபாய் 63 காசு. அமெரிக்க ஜனாதிபதி அடுத்த மாதம் ஜெத்தாவுக்கு வருகிறார். ஒரு நாளைக்கு 1.2 கோடி பீப்பாய் எடுக்கும் திறனை 2027க்குள் 1.3 கோடியாக உயர்த்துவோம் என்கிறார்கள், ஸுலூஃப் வேலையும் அதற்காகத்தான். இதையெல்லாம் கேட்டால் யாருக்கும் தெம்பு வரத்தான் செய்யும்.

2008 ஜூனில் நானும் இப்படித்தான் தெம்பாக இருந்தேன். அப்போது சவுதி மன்னர் அப்துல்லா ஜெத்தாவில் எண்ணெய் விற்கிற நாடுகளையும் வாங்குகிற நாடுகளையும் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டார். நம் ஊரிலிருந்து ப.சிதம்பரம் போயிருந்தார். விலைக்கு மேலே ஒரு வரம்பு, கீழே ஒரு வரம்பு வைக்க வேண்டும் என்று அவர் பேசியதை கேம்ப் டிவியில் பார்த்தோம். உற்பத்தியைக் கூட்டுகிறோம், திறனையும் பெருக்குகிறோம் என்று சவுதி சொன்னது. ஜூலையில் விலை 147 டாலர். டிசம்பரில் 40 டாலருக்கும் கீழே.

நான் அப்போது குரைஸில் பைப் ஃபிட்டர். 1957இல் கண்டுபிடித்த வயல் அது. அதிலிருந்து நாளைக்கு 12 லட்சம் பீப்பாய் எடுப்பதுதான் திட்டம். எண்ணெய் வயலுக்கு எண்ணெய்க் குழாய் போடுவார்கள் என்றுதான் ஊரில் நினைப்பார்கள். நாங்கள் போட்டது தண்ணீர்க் குழாய். குரய்யா கடற்கரையில் கடல்நீரைச் சுத்தம் செய்து, பாலைவனம் முழுக்கக் குழாயில் கொண்டுவந்து, வயலின் ஓரங்களில் பூமிக்குள் செலுத்துவார்கள். அந்தத் தண்ணீர் எண்ணெயை நடுவிலிருக்கும் கிணறுகள் பக்கம் தள்ளும். அந்த வெயிலில் ஒவ்வொரு ஜாயிண்டையும் எக்ஸ்ரே எடுத்துத்தான் விடுவார்கள். ஒன்று தேறாவிட்டால் வெட்டி மறுபடி வெல்டிங். அந்த வேலையில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு. வேலை பாதிக்கு மேல் முடிந்துவிட்டதால் விலை விழுந்தும் குரைஸ் நிற்கவில்லை, 2009 ஜூனில் எண்ணெய் வந்தது.

ஆனால் எங்களை அடுத்து மனிஃபாவுக்கு அனுப்புவதாகச் சொல்லி வைத்திருந்தார்கள். ஆழமில்லாத கடலில் மண்ணைக் கொட்டித் தீவுகள் உண்டாக்கி, அவற்றுக்கு நடுவே சாலை போட்டுக் கிணறு தோண்டும் பெரிய திட்டம். விலை விழுந்ததும் அதன் வேகத்தைக் குறைத்தார்கள். ஒப்பந்தக்காரர்களிடம் மறுபடி பேரம் பேசினார்கள். மனிஃபாவில் எண்ணெய் வந்தது 2013இல். அராம்கோவுக்கு அந்தத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. எங்களுக்கு அது வேலை. "லீவில் போய் வாருங்கள், கூப்பிடுகிறோம்" என்றது நான் இருந்த கம்பெனி. பலரை அப்புறம் கூப்பிடவே இல்லை.

எண்ணெய் விலை 2014இல் 115 டாலராக இருந்தது, 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே போனது. எங்கள் கேம்பில் சம்பளம் மாதக்கணக்கில் இழுத்தது. இகாமா என்ற தங்கும் அனுமதியைப் புதுப்பிக்காததால் வெளியே போகவே பையன்கள் பயந்தார்கள். ராமநாதபுரத்துப் பையன் ஒருவன் தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடனை நினைத்து ராத்திரியெல்லாம் முழித்துக்கொண்டிருப்பான். உன் லோன் பேச்சைக் கேட்டதும் எனக்கு அவன் முகம்தான் வந்தது.

இந்த 1.3 கோடி பீப்பாய்த் திறனுக்கு முதலில் உத்தரவு போட்டது 2020 மார்ச்சில். அடுத்த மாதமே அமெரிக்காவில் எண்ணெய் விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது. இப்போது அவர்கள் எடுப்பது சுமார் 1.05 கோடி பீப்பாய்தான். மீதித் திறன் அவசரத்துக்கென்று சும்மா இருக்கிறது. எவ்வளவு எடுப்பது என்பதை எண்ணெய் விற்கும் நாடுகளின் ஓபெக் பிளஸ் கூட்டத்தில் முடிவு செய்கிறார்கள். விலை இறங்கினால், சும்மா இருக்கும் திறனுக்கு மேல் இன்னும் பத்து லட்சம் எதற்கு என்ற கேள்வி வரத்தான் செய்யும். ஸுலூஃப் நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. பழைய வயல்களில் குறைவதை ஈடுகட்டவும் அது வேண்டியிருக்கும். ஆனால் 2027 என்பது அவர்கள் போட்ட தேதி, அவர்களே தள்ளியும் வைக்கலாம். உன் தவணைத் தேதியைப் பேங்க் தள்ளிவைக்காது.

கேஸ் விஷயம் வேறு. அதற்கு ஓபெக் கோட்டா கிடையாது. கோடையில் ஏசி ஓடுவதற்கே அங்கே கச்சா எண்ணெயை எரித்துக் கரண்ட் எடுக்கிறார்கள். அந்த இடத்தில் கேஸை எரித்தால் அத்தனை எண்ணெயையும் கப்பலில் ஏற்றி விற்கலாம். எண்ணெய் விலை ஏறினாலும் இறங்கினாலும் உள்ளூருக்கு கேஸ் வேண்டும். ஜஃபூராவில் போன நவம்பரிலேயே 1,000 கோடி டாலருக்கு ஒப்பந்தங்கள் கொடுத்துவிட்டார்கள். 2030க்குள் நாளைக்கு 200 கோடி கன அடி எடுப்பதாகத் திட்டம். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் வேலை நீளமாக ஓடும். அங்கேயே போ.

லோனை இந்த வருஷம் போடாதே. மாடி இல்லாமல் நாங்கள் சௌகரியமாகத்தான் இருக்கிறோம். முதலில் ஆறு மாதச் செலவைத் தனியாக எடுத்து வை. வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் சர்வீஸ் பணத்தைக் கணக்கில் சேர்க்காதே. முதல் ஐந்து வருஷத்தில் ஒவ்வொரு வருஷத்துக்கும் அரை மாதச் சம்பளம் என்று சட்டம் சொன்னாலும், நீயாக ராஜினாமா செய்தால் ஐந்து வருஷம் வரை மூன்றில் ஒரு பங்குதான், அதுவும் இரண்டு வருஷமாவது முடித்திருந்தால். ஒன்று மட்டும் எங்கள் காலத்தைவிட நல்லது. போன வருஷம் மார்ச்சிலிருந்து, ஒரு வருஷம் வேலை பார்த்தவர் கஃபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி, சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனிக்கு மாறலாம். அதற்கு ஒப்பந்தக் காகிதம் ஒழுங்காகப் பதிவாகியிருக்க வேண்டும். உன்னுடையது பதிவாகியிருக்கிறதா என்று நாளைக்கே பார். இகாமா தேதியையும் பார்.

15ஆம் தேதியிலிருந்து பகல் 12 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்ற தடை வந்திருக்கும். ஃபோர்மேன் என்ன சொன்னாலும் அந்த நேரத்தில் நிழலுக்கு வந்துவிடு.

கம்பெனிக்கு ஜஃபூரா என்று எழுதிக் கொடுத்துவிட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடு. வெள்ளிக்கிழமை அம்மாவிடம் பேசு.

அன்புடன்
அப்பா