எந்த ஊர் உதிரி என்று எண்ணும் சட்டம்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் எங்காவது துப்பாக்கிச் சூடு நடந்தால் போதும், அங்கே யாரும் எதையும் வாங்கலாம், என்ன வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம் என்கிற தொனியில் நம் பத்திரிகைகள் எழுதிவிடுகின்றன. நான் டெக்சஸில் பல வருடமாக இருப்பவன், வேட்டைக்குப் போகிற நண்பர்களும் உண்டு. கட்டுப்பாடு இருக்கத்தான் செய்கிறது, ஆனால் சில இடங்களில் அது இருக்கிற லட்சணத்தைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

வெளிநாட்டு செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன்களையே பாருங்கள், அதாவது சிறு குண்டுகளைச் சிதறச் சுடுகிற, ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்கிற நீளத் துப்பாக்கிகளை. 1968ஆம் வருடத்துத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, வேட்டை, குறிசுடும் போட்டி மாதிரியான காரியங்களுக்கு ஏற்றது என்று ஏடிஎஃப் (துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பு) ஒப்புக்கொண்டால்தான் அது நாட்டுக்குள் வரும். எதெல்லாம் ஏற்றதில்லை என்று 2011இல் ஏடிஎஃப் ஓர் ஆய்வறிக்கையே போட்டது: தோளில் பதிக்கும் கட்டை மடக்குகிற மாதிரி இருப்பது, 5 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி அல்லது குழாய்), வட்டமான டிரம் மேகசின், முன்னால் நீட்டும் கையால் பற்றிக்கொள்ள நீட்டிக்கொண்டிருக்கும் பிடி, இப்படிப் போகிறது. சரி, சாதுவாக உள்ளே கொண்டுவந்துவிட்டு அப்புறம் வீட்டில் உட்கார்ந்து மாற்றிக்கொண்டால்? அதைத் தடுக்கத்தான் 1990இல் 922(ஆர்) என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அதற்கு முந்தின வருடம் கலிபோர்னியாவின் ஸ்டாக்டனில் ஒருவன் பள்ளிக்கூடத்தில் புகுந்து 5 குழந்தைகளைச் சுட்டுக் கொன்றிருந்தான். அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் இறக்குமதிக் கெடுபிடி இறுகியது.

நோக்கத்தில் குறை சொல்ல மாட்டேன், கூத்தெல்லாம் நடைமுறையில்தான். 20 உதிரிப் பாகங்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது: குழல், போல்ட், விசை, சுத்தி, கட்டை, கைப்பிடி என்று. மாற்றி அமைத்த துப்பாக்கியில் இவற்றில் 10க்கு மேல் வெளிநாட்டுச் சரக்காக இருக்கக் கூடாது. இத்தாலியின் பெனெல்லி எம்4 ஷாட்கன் நல்ல உதாரணம். ராணுவத்துக்குப் போவதில் தோட்டாக் குழாய் 7 கொள்ளும், பொதுமக்களுக்கு வருவதில் பல வருடம் குறைத்துத்தான் அனுப்பினார்கள். அப்படி வாங்கியவர் நீளக் குழாய் போட ஆசைப்பட்டால், இத்தாலிய உதிரிகளில் சிலதைக் கழற்றி அமெரிக்காவில் செய்ததை மாட்டி, கணக்கு 10க்குள் வருகிறதா என்று பேப்பரில் எழுதிக் கூட்டிப் பார்க்க வேண்டும். ரஷ்ய சைகா 12 ஷாட்கன் இன்னும் வேடிக்கை. மேகசினின் கூடு, உள்ளே தோட்டாவைத் தள்ளும் தகடு, அடிமூடி மூன்றும் தனித்தனியாகப் பட்டியலில் இருப்பதால், உள்ளூர் மேகசினை எடுத்துவிட்டு ரஷ்ய மேகசினைச் செருகினால் எண்ணிக்கையில் மூன்று ஏறிவிடுகிறது. சட்டத்துக்குள் இருந்த துப்பாக்கி ஒரு சொடுக்கில் வெளியே போய்விடலாம். தெரிந்தே மீறினால் 5 வருடம் வரை சிறை.

அமெரிக்காவிலேயே செய்த மாஸ்பர்க் கம்பெனி ஷாட்கனில் 7 தோட்டா போகும், இந்தச் சட்டம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. சுடப்படுகிறவனுக்கு விசை மிலானில் செய்ததா டெக்சஸில் செய்ததா என்று என்ன கவலை? 7 தோட்டா ஆபத்து என்றால் எல்லாத் துப்பாக்கிக்கும் ஒரே அளவு வைக்க வேண்டும், ஆபத்தில்லை என்றால் இந்த எண்ணிக்கையை எடுத்துவிட வேண்டும். வாத்து வேட்டைக்கு அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்: எந்த நாட்டு ஷாட்கன் ஆனாலும் மொத்தம் 3 தோட்டாதான், கூடுதல் இடத்தை அடைத்துவிட வேண்டும். வாத்துக்குக் கிடைத்த நேரான விதி மனிதனுக்குக் கிடைக்கவில்லை!

இங்கே பிள்ளைகளை வைத்திருக்கும் உங்கள் வாசகர்களுக்கும் ஒரு சேதி. எச்1பி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் மாதிரி சில விலக்குகள் மட்டும் உண்டு. பச்சை அட்டை வந்துவிட்டால் இந்தத் தடை கிடையாது. நண்பன் சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குக் கூப்பிடுகிறான் என்று கிளம்புவதற்கு முன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும்.

அடுத்த முறை இது பற்றிக் கட்டுரை போட்டால் மாநிலச் சட்டங்களையும் சேர்த்துப் போடுங்கள். 922(ஆர்) கணக்கு சரியாக இருந்தாலும், கழற்றி மாட்டும் மேகசின் உள்ள செமி ஆட்டோ ஷாட்கனைக் கலிபோர்னியா தடைசெய்த தாக்குதல் ஆயுதமாகத்தான் பார்க்கிறது.

இப்படிக்கு,
ஹூஸ்டனிலிருந்து ஒரு வாசகன்