விழுகிற கெர்னல் பூட்டுக்காகக் காத்திருக்குமா? பராமரிப்புக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

நாம் எல்லோரும் பயன்படுத்தும் இந்த லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மைய நிரல்) கிளையில், பேனிக் (மீள முடியாத பிழையால் கெர்னல் நின்றுபோவது) பதிவுகளைச் சேமிக்கும் பகுதியில் சென்ற மாதம் நீங்கள் ஏற்றுக்கொண்ட மாற்றத்தைக் குறித்து எழுதுகிறேன். பேனிக் நேரத்திலும் ஒரு பூட்டு (ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும் எழுதுவதற்கான காவல்) கிடைக்கும்வரை கெர்னலைக் காத்திருக்கவைக்கும் மாற்றம் அது. அதைத் திரும்பப் பெறுங்கள். வேலைப்பளுவில் இருக்கும் எந்திரத்தை வேண்டுமென்றே விழவைத்துப் பார்த்த பிறகு மீண்டும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே என் கோரிக்கை.

எங்கள் சேமிப்புச் சர்வர் ஒன்று சென்ற வாரம் நள்ளிரவில் நின்றுபோனது. பேனிக் நேர்ந்தால் 10 நொடியில் தானாகவே ரீபூட் ஆகும்படி அமைத்திருந்தும் அது எழவில்லை. கெர்னல் செய்திகளை வெளியிலிருந்து பார்க்க உதவும் சீரியல் கன்சோல் இல்லாத அந்த எந்திரத்துக்கு ஒருவர் நேரில் போய் மின்சாரத்தைத் துண்டித்து மறுபடி கொடுக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் ராமில் ஏதேனும் மிஞ்சியிருந்தாலும் அதுவும் போயிற்று. எழுந்த பிறகு, விழும் நேரத்து லாகைக் காத்துவைக்கும் கெர்னல் வசதியான பிஸ்டோரின் அடைவைத் திறந்தால் காலி. அதே வாரத்தில் இன்னும் இரு முறை இப்படியே விழுந்தது. மூன்று முறை விழுந்தும், ஏன் விழுந்தது என்று சொல்ல ஒரு வரிகூட இன்று எங்கள் கையில் இல்லை. வேறு எது பழுதானாலும் லாகைப் பார்க்கலாம். லாக் எழுதும் இடமே பழுதானால் எங்கே போய்ப் பார்ப்பது?

மூல நிரலைப் படித்த பிறகுதான் புரிந்தது. அன்றாடம் லாக் எழுதும் வழி பிடிக்கும் அதே ஸ்பின்லாக்கை, அதாவது கிடைக்கும்வரை சிபியு சுற்றிக்கொண்டே காத்திருக்கும் பூட்டை, உங்கள் மாற்றம் பேனிக் வழியிலும் பிடிக்கச் சொல்கிறது. பேனிக்கில் மற்ற சிபியுக்கள் நிறுத்தப்படுகின்றன; அவற்றுள் ஒன்று அந்தப் பூட்டைப் பிடித்தபடியே நின்றுவிட்டால், அதை விடுவிக்க இனி யாரும் இல்லை. விழுந்துகொண்டிருக்கும் சிபியு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்; பதிவைச் சேமித்து முடித்த பிறகு வரவேண்டிய ரீபூட்டும் வராது. பிஸ்டோர் எழுதியவர்கள் இதை அறிந்தே, பேனிக்கில் பூட்டுக் கிடைத்தால் எழுதுவது, கிடைக்காவிட்டால் விட்டுவிடுவது என்று வைத்தார்கள். அந்த எச்சரிக்கையைத்தான் நீங்கள் ‘எளிமைப்படுத்தல்’ என்ற பெயரில் நீக்கியிருக்கிறீர்கள்.

சோதித்தோம் என்று மாற்றக் குறிப்பில் இருக்கிறது. சும்மா கிடக்கும் எந்திரத்தில் சிஸ்ரிக்யூ (கெர்னலுக்கு நேரடியாகக் கட்டளையிடும் வசதி) வழியாக ‘சி’ எழுத்தை அனுப்பி விழவைத்த சோதனை அது. அந்த நேரத்தில் பூட்டை யாருமே பிடித்திருக்க மாட்டார்கள் என்பதால் அது தேறாமல் இருந்தால்தான் வியப்பு. ஆனால் எந்திரங்கள் சும்மா கிடக்கும்போதா விழுகின்றன?

சீராய்வுக் குறிப்புகளையும் முழுதாகப் படித்தேன். மாறியின் பெயரைப் பற்றி ஏழு குறிப்புகள், வரி நீளத்தைப் பற்றி மூன்று. பூட்டைப் பற்றி ஒன்றும் இல்லை. பெயர் இப்போது மிக அழகாக இருக்கிறது, பாராட்டுகள். பிஸ்டோர் இயல்பாகக் கடைசி 10,240 பைட்டுகளை மட்டுமே எடுத்து வைப்பதால், முதல் ஊப்ஸைத் (கெர்னல் பிழை அறிக்கை) தொடர்ந்து வேறு ஊப்ஸ்களும் வந்தால் மூல காரணம் வெட்டுப்பட்டுப் போகிறது என்று நாங்கள் முன்பு முறையிட்டபோது, ‘அதை நீங்களே கூட்டிக்கொள்ளலாம்’ என்று பதில் வந்தது. கூட்டிக்கொண்டோம். இப்போது கூட்டுவதற்கும் எதுவும் இல்லை.

கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்தருள வேண்டும். ஊதியமின்றி உங்களில் பலர் இதைச் செய்கிறீர்கள் என்பதை நான் மறக்கவில்லை. அடுத்த வெளியீட்டுக்கு முன் அந்த மாற்றத்தைத் திரும்பப் பெறுங்கள். மீண்டும் சேர்க்கும்போது, எல்லாச் சிபியுக்களிலும் இடைவிடாமல் லாக் எழுதவைத்து, அதன் நடுவே பலமுறை பேனிக்கைத் தூண்டி, ஒவ்வொரு முறையும் எந்திரம் தானாக எழுந்ததா, பதிவு கிடைத்ததா என்று மாற்றக் குறிப்பிலேயே எழுதும்படி அனுப்புபவரைக் கேளுங்கள். இந்தச் சோதனைக்கான ஸ்கிரிப்டை எழுதி வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்டால் இன்றே அனுப்புகிறேன்.

பணிவுடன்,
மூன்று முறை கண்விழித்த ஒரு பயனர்