பாளை சீவும் முன்னே வந்த பணம்

வெளிநாட்டில் இருக்கும் நம்மூர் அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

ஆடி முடிந்துவிட்டது. கருப்பட்டி காய்ச்சும் குடிசையான விடிலியில் அடுப்பை அணைத்து, காய்ச்சுகிற சட்டியான தாச்சியைக் கவிழ்த்து வைத்தாயிற்று. கணக்கு நோட்டை எடுத்து உட்கார்ந்தபோதுதான், கருப்பட்டிக்கு முன்கூட்டியே பணம் போட்ட உங்களுக்கு முறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று உறைத்தது. வாட்ஸ்அப்பில் கைகூப்பும் பொம்மை அனுப்பினால் நன்றி சொன்னதாகிவிடுமா? அதனால் எல்லோரும் படிக்கும்படி இந்த மடல்.

எங்களைத் தெரியாதவர்களுக்கு: நாங்கள் திருநெல்வேலி மாவட்டம் திசையன்விளைப் பக்கத்துப் பனையேறிக் குடும்பங்கள், மொத்தம் பதினான்கு. சேர்ந்து கருப்பட்டி காய்ச்சி விற்கிறோம். உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதிந்து இது மூன்றாவது வருடம். நான் ஏறத் தெரியாதவள். அப்பா ஏறுவார், அம்மா காய்ச்சுவாள், நான் கணக்கு எழுதுகிறேன்.

பனைத் தொழிலில் ஏறுவதற்கு முன்னாலேயே பணம் வேண்டும். மாசியில் பதனீர் இறக்கும் கலயம், அதில் தடவும் சுண்ணாம்பு, விறகு வாங்க வேண்டும், மரத்துக்காரருக்குக் குத்தகை கட்ட வேண்டும். அந்த நேரம் பார்த்து வீட்டில் காசு இருக்காது. வியாபாரி முன்பணம் தருவார். தந்தவர் வைத்ததுதான் விலை. தான் காய்ச்சிய கருப்பட்டிக்கு அம்மா வாய் திறந்து ஒரு விலை சொல்லி நான் கேட்டதில்லை. விலை அடிமாட்டுக்குப் போனால் சீனி கலக்கும் ஆசை வரும். கலந்தவர்களைத் திட்டுவது சுலபம், நானும் திட்டியிருக்கிறேன்.

போன வருடத்துக்கு முந்தின கோயில் கொடைத் திருவிழாவுக்கு நீங்கள் வந்திருந்தபோது கோயில் வாசலில் இந்தப் பேச்சு ஓடியது. கொடை வரி எந்த நாட்டில் இருந்தாலும் ஒரு வீடு தவறாமல் வந்து சேர்கிறதே, அதேபோல ஆளுக்கு இவ்வளவு என்று நன்கொடை போட்டுவிடலாம் என்றார் துபாய் அண்ணாச்சி. நல்ல மனசுதான். ஆனால் ஆடிட்டர் தலையை ஆட்டினார். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. போன நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் கொடுத்தால் ஆகும். அதை வாங்க உள்துறை அமைச்சகத்தில் பதிவு வேண்டும், டெல்லியில் ஸ்டேட் பேங்க் மெயின் கிளையில் கணக்கு வேண்டும். சரி, பங்காவது வாங்கிக்கொள்கிறோம் என்றீர்கள். உற்பத்தியாளர் நிறுவனத்தில் அதுவும் நடக்காது. குறைந்தது பத்துப் பேர் சேர்ந்து தொடங்க வேண்டும், அத்தனை பேரும் அந்தத் தொழிலைச் செய்கிறவர்களாக இருக்க வேண்டும். பனை ஏறாத சிங்கப்பூர்க்காரருக்கு அங்கே இடமில்லை.

அப்போது சிங்கப்பூர் அக்கா கேட்டார்: “சரக்குக்கு முன்கூட்டியே காசு கொடுத்தால் யார் என்ன சொல்வார்கள்?” யாரும் ஒன்றும் சொல்ல முடியாது, அது வியாபாரம். அடுத்த மாசி முதல் வாரம் உங்களில் இருபத்தியிரண்டு பேர் ஒரு வருடக் கருப்பட்டிக்கான பணத்தை முன்கூட்டியே போட்டீர்கள். சரக்கு பாதி உங்கள் அம்மா அப்பா வீட்டுக்கு, மீதி வெளிநாட்டுக்கு.

கடல் தாண்டி வரும் பணத்துக்கு நம் சீமையில் ஒரு பழைய கதை உண்டு. சுதேசிக் கப்பல் கம்பெனியை 1906-ல் பங்குக்கு 25 ரூபாய் என்று நடத்திய வ.உ.சி., சிறையிலிருந்து வந்தபின் கஷ்டப்பட்டார். அவருக்கென்று தென்னாப்பிரிக்காவில் நம்மவர்கள் திரட்டிய பணம் காந்தி வழியாக வரவேண்டி, கடிதம் மேல் கடிதம் எழுதி, 347 ரூபாய் 12 அணா 1916-ல்தான் கைக்கு வந்தது. உங்கள் பணம் பதனீருக்குப் பாளை சீவும் முன்னே வந்தது. இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் பதில் பேசாமல் அருவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். அந்த வருடம் அவர் எந்த வியாபாரி வீட்டுப் படியும் ஏறவில்லை.

இனி நாங்கள் சொதப்பிய கதை. போன ஐப்பசி மழையில் துபாய்க்குப் போன பெட்டி, திறந்தபோது ஒரே கட்டியாகக் கசிந்து ஒட்டியிருந்தது. அண்ணாச்சி போட்டோ அனுப்பினார், பாகு வழிந்து அட்டை கறுத்துப் போயிருந்தது. வெட்கமாக இருந்தது. அவர் காசைத் திருப்பிக் கேட்கவில்லை, “பரவாயில்லம்மா” என்று மழுப்பவும் இல்லை. “இதைக் கடையில் வைத்தால் அடுத்த முறை எவன் வாங்குவான்?” என்று கேட்டார். அம்மாவிடம் போட்டோவைக் காட்டினேன். “அடுப்புக்கு மேலே பரணில் புகை பட வைக்காமல் அப்படியே கட்டி அனுப்பினால் வேறென்ன ஆகும்?” என்றாள். காலங்காலமாக வீட்டில் இருந்த வித்தை, பிளாஸ்டிக் உறை வந்ததும் எங்களுக்கு மறந்துவிட்டது. இப்போது பரணில் உலர்த்தி, ஓலைப் பெட்டியில் வைத்து, அதற்கு மேல்தான் உறை. இந்த வருடம் மழைக்கு முன்பே எல்லாம் கிளம்பிவிட்டது.

அமெரிக்கத் தம்பி ஆய்வகச் சோதனை கேட்டபோது எனக்குக் கோபம் வந்ததையும் சொல்லிவிடுகிறேன். எங்களைச் சந்தேகப்படுகிறாரே என்று இரண்டு நாள் பதில் போடவில்லை. சோதித்துப் பார்த்தால் ஒரு வீட்டுச் சரக்கில் சீனி இருந்தது. யார் வீடு என்பது எங்களுக்குள் இருக்கட்டும். அந்த அண்ணன் மகள் கல்யாணக் கடனில் இருந்தார். அவரை விலக்கவில்லை. இந்த வருடம் அவர் காய்ச்சுவதை எல்லோரும் மாறி மாறிப் போய்ப் பார்த்தோம். பொங்கி வரும்போது நசுக்கிய ஆமணக்கு விதையை ஒரு சிட்டிகை போடுவார், பாகு சட்டென்று அடங்கும். சிரட்டையில் ஊற்றும் பதம் அவருக்குத் தெரிந்த அளவு எங்களில் யாருக்கும் தெரியாது.

நிறையப் பேருக்கு நன்றி சொல்ல வேண்டும். லேபிளில் எழுத்துப் பிழை திருத்தித் தந்த மலேசியா டீச்சருக்கு, ஏற்றுமதிப் பதிவுக்கான படிவத்தை ராத்திரி பதினொரு மணிக்குப் போனில் உட்கார வைத்து நிரப்பச் சொல்லித் தந்த மஸ்கட் அண்ணனுக்கு, ஒன்றும் வாங்காமல் “விலை குறைவாக வைத்திருக்கிறீர்கள், ஏற்றுங்கள்” என்று மட்டும் சண்டை போட்ட லண்டன் பெரியம்மாவுக்கு. ஏற்றிவிட்டோம் பெரியம்மா.

சிங்கப்பூர் அக்கா, உங்கள் சில்லுக் கருப்பட்டி சுக்கு தூக்கலாக, கேட்டபடியே தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த தடவை லீவு போடும்போது பங்குனி, சித்திரை பார்த்துப் போடுங்கள். காலையில் கலயம் இறங்குகிற நேரத்துக்கு விடிலிக்கு வந்தால் அப்பா பனையோலைப் பட்டை பிடித்துப் பதனீர் ஊற்றுவார்.

இப்படிக்கு,
கணக்கு எழுதுகிறவள்