நாதனுக்கு ஒரு பதில்

அன்பின் நாதன்,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, நீ அனுப்பிய தைலமும் கிடைத்தது. வாத்தியார் வீட்டு மதில் விவகாரம் இன்னும் முடியவில்லை. அதை நேரில் சொல்கிறேன்.

உடனே எழுதக் காரணம் உன் கடிதத்தின் கடைசிப் பக்கம். "இலங்கையில் யுத்தம் வராமல் தடுத்திருக்க முடியாதா அப்பா?" என்று மகள் கேட்டாளாம். "அது எங்கள் தலையெழுத்து, வந்தே தீர வேண்டியது" என்று சொல்லி அனுப்பிவிட்டாயாம். மச்சான், விவாத மேடையில் எதிரணிக்கு மூச்சுவிட இடம் கொடுக்காதவன் நீ. பெற்ற பிள்ளைக்கா இந்தப் பதில்?

நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது 1957 ஜூலை 26இல். சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற தனிச் சிங்களச் சட்டம் வந்து ஓராண்டு. அதைக் கொண்டுவந்த அதே பிரதமர் பண்டாரநாயக்க, தமிழரசுக் கட்சித் தலைவர் தந்தை செல்வாவுடன் உட்கார்ந்து ஒப்பந்தம் செய்கிறார். செல்வா கேட்டது சமஷ்டி, அதாவது கூட்டாட்சி; இணங்கியது பிராந்திய சபைகளுக்கு. வடக்குக்கு ஒரு சபை, கிழக்குக்கு இரண்டோ அதற்கு மேலோ. விரும்பினால் மாகாண எல்லை தாண்டி அவை இணையலாம். காணி, விவசாயம், கல்வி, மீன்பிடி எல்லாவற்றிலும் சபைகளுக்கு அதிகாரம். வடக்கு கிழக்கில் நிர்வாகம் தமிழில். குடியேற்றத் திட்டங்களில் யாருக்குக் காணி கொடுப்பது என்பதைக்கூடச் சபையே தீர்மானிக்கும் என்று எழுதியிருந்தார்கள். கிழக்கில் பின்னால் எத்தனை ஊர்கள் இந்தக் காணிப் பிரச்சினையால் சுடுகாடாயின! அதற்கான தீர்வு அன்றே தாளில் இருந்தது.

பண்டாரநாயக்கவுக்குச் சமஷ்டி புதிதும் அல்ல. 1926இல், இளைஞராக இருந்தபோதே, இலங்கைக்கு அதுதான் பொருந்தும் என்று பேசியவர் அவர்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே.ஆர். ஜயவர்தன ஒப்பந்தத்தை எதிர்த்துக் கண்டிக்கு நடைபயணம் கிளம்பினார். வடக்கே பஸ்களின் இலக்கத் தகட்டில் இருந்த சிங்கள 'ஸ்ரீ' எழுத்தில் தார் பூசினோம், தெற்கே கடைகளின் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் பூசினார்கள். 1958 ஏப்ரல் 9 அன்று ரொஸ்மீட் பிளேசில் பிரதமரின் வீட்டு வளவுக்குள் பிக்குகள் வந்து உட்கார்ந்தார்கள். ஒப்பந்தம் இனி இல்லை என்று அன்றே எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்த மாதம் கலவரம்.

அந்த ஒப்பந்தத்தைச் சட்டமாக்க நாடாளுமன்றத்தில் வாக்கு இருந்ததா? இப்போது என் கணக்கைக் கேள். 1956 தேர்தலில் தெரிவான 95 பேரில் பண்டாரநாயக்கவின் பக்கம் 51. இடதுசாரிகளில் சமசமாஜக் கட்சிக்கு 14, கம்யூனிஸ்டுகளுக்கு 3. இரு மொழிக்கும் சம இடம் வேண்டும் என்று தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த சிங்களத் தலைவர்கள் இந்த இரண்டு கட்சிகளிலும் இருந்தார்கள். ஒரு மொழி என்றால் இரண்டு நாடுகள் என்று கொல்வின் ஆர். டி சில்வா எச்சரித்தது அந்த விவாதத்தில்தான். தமிழரசுக் கட்சிக்கு 10. எல்லாம் சேர்ந்தால் 78. ஆளும் தரப்பில் 25 பேர் முறுக்கிக்கொண்டு போயிருந்தாலும் 53 மிஞ்சும். நியமன உறுப்பினர்களையும் சேர்த்து 101 பேர் இருந்த சபையில் அது போதும். நடைபயணம் போன ஐக்கிய தேசியக் கட்சிக்கு அங்கே இருந்தது வெறும் 8 ஆசனம்! வீட்டு வாசலில் தோற்றதை நாடாளுமன்றத்தில் வென்றிருக்கலாம், மச்சான். அவர் அங்கே போகவேயில்லை.

சட்டமாகியிருந்தாலும் கலவரம் வந்திருக்கும் என்பாய். வந்திருக்கலாம். ஆனால் சபை என்று ஒன்று எழும்பிவிட்டால் அதில் கதிரைகள் இருக்கும், வரவு செலவு இருக்கும், தேர்தல் இருக்கும். 1958இல் பிறந்த பிள்ளை பதினெட்டு வயதில், தன் ஊர்க் காணியையும் பள்ளிக்கூடத்தையும் ஆளும் ஒரு சபைக்கு வாக்குப் போட்டிருப்பான். அந்த 1976இல் அவனுக்குக் கிடைத்தது தனிநாடு கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானம். உன் பக்கத்து வாங்கில் இருந்தவனை நினைத்துப் பார். சண்டைக்குப் பிறந்தவனா அவன்? தேவாரப் போட்டியில் எல்லாப் பரிசையும் அள்ளியவன்.

பிறகு பிரதமரான டட்லி சேனநாயக்கவும் 1965இல் செல்வாவுடன் மாவட்ட சபைகளுக்கு உடன்பட்டுவிட்டு, 1968இல் கைவிட்டார். அதற்குள் இடதுசாரிகளே தமிழுக்கு எதிரான ஊர்வலத்தில் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். அதனால்தான் 1958ஐ இவ்வளவு இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அந்த 78 பேரும் ஒரே சபையில் இருந்த காலம் அது ஒன்றுதான்.

மலையகத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ் மக்களின் குடியுரிமையை 1948இல் பறித்ததுதான் ஆரம்பம் என்று அண்ணர் சண்டைக்கு வருகிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 1947இல் அந்த மக்கள் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த வாக்குகள் இருந்திருந்தால் சிங்களம் மட்டும் என்று கோஷம் போட்டு மலைநாட்டில் வெல்வது இவ்வளவு சுலபமாக இருந்திருக்காது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

1987 ஜூலையில் மாகாண சபைகள் என்று எழுதிக் கையெழுத்திட்டவர், கண்டிக்கு நடந்த அதே ஜே.ஆர். சரியாக முப்பது ஆண்டுகள். மச்சான், இதில் தலையெழுத்து எங்கே இருக்கிறது? பெயரும் தேதியும் உள்ள மனிதர்கள் எடுத்த முடிவுகள் இவை. மகளுக்கு இதைச் சொல். கணக்கில் கெட்டிக்காரி, அந்த 78ஐ அவளே கூட்டிப் பார்க்கட்டும்.

நல்லூர்த் திருவிழாவுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு வா. என் கணக்கில் ஓட்டை இருந்தால் அண்ணருக்கு முன்னால் வைத்துக் காட்டு. டிக்கெட் போட்டதும் தேதியை எழுது, மேல் அறைக்கு வெள்ளையடிக்க வேண்டும்.

உன்,
குமார்