தவணைப் பரீட்சையில் பேச்சு ஆங்கிலத்துக்கு இடம் தாருங்கள்

வடமாகாணக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கும், யாழ்ப்பாண மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்களின் பணிப்பாளர்களுக்கும் வணக்கம்.

தரம் 6 முதல் 9 வரையான மாணவர்களின் தவணைப் பரீட்சையில், ஆங்கில பாடத்துக்குரிய 100 புள்ளிகளில் 20 புள்ளிகளையேனும் கேட்டலுக்கும் பேசுதலுக்கும் ஒதுக்க வேண்டும் என்று கேட்கவே, வலிகாமத்துப் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்ற நான் இம்மடலை எழுதுகிறேன். சாதாரண தரப் பரீட்சை கொழும்பின் கையில் இருக்கிறது. தவணைப் பரீட்சை உங்கள் கையில் இருக்கிறது.

தரம் 3 இலிருந்து ஆங்கிலத்தைப் பாடமாகப் படிக்கும் பிள்ளை, சாதாரண தரத்தில் எழுதும் இரண்டு வினாத்தாள்களிலும் ஒரு சொல்லைக்கூட வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. உயர்தரப் பொது ஆங்கிலமும் எழுத்துப் பரீட்சையே. அதன் பெறுபேறு பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியில் சேர்வதுமில்லை. ஆகவே, பாடத்திட்டத்தை முடிக்க நேரம் போதாத ஆசிரியர், பாடநூலில் உள்ள உரையாடல் பயிற்சிகளைத்தான் முதலில் கைவிடுகிறார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். ரியூட்டரிகளிலும் கடந்தகால வினாத்தாள்களே ஓடுகின்றன. இப்படி 'ஏ' சித்தி பெற்ற பிள்ளை, யாழ்ப்பாண மருத்துவ பீடத்துக்கோ கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியல் பீடத்துக்கோ சென்று ஆங்கில விரிவுரையில் அமரும்போது, புரியாததை எழுந்து கேட்க முடியாமல் வாய்மூடி இருந்துவிடுகிறது. எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

எழுத்துப் பயிற்சி தானாகவே பேச்சாக மாறிவிடும் என்று நம்புவது தவறு. தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில் வருகிறது. ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்தே வினை வந்தாக வேண்டும். எழுதும் பிள்ளைக்கு அந்த ஒழுங்கை மனத்துள் மாற்றி அமைக்க அவகாசம் உண்டு. எதிரே ஒருவர் பதிலுக்குக் காத்திருக்கும்போது அந்த அவகாசம் இல்லை. பலமுறை பேசிப் பழகிய வாய்க்கே அந்த வேகம் வரும். காதுக்கும் பயிற்சி தேவை. தமிழ் எழுத்தில் ககரம் ஒன்றே வல்லொலியையும் (k) மெல்லொலியையும் (g) தாங்குகிறது. ஆங்கிலத்திலோ அவ்வொலி வேறுபாடு பொருளையே மாற்றிவிடும். உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் அச்சிட்ட வழிகாட்டி நூல்களை மட்டும் நம்பும் பிள்ளைக்கு இந்த வேறுபாடு காதில் விழுவதேயில்லை.

நடைமுறைச் சிக்கலைச் சொல்லி இதைத் தள்ளிவிடாதீர்கள். 40 பேர் உள்ள வகுப்பில் பிள்ளைகளை இருவர் இருவராக அழைத்து நான்கு நிமிடம் பேசவிட்டால், மொத்தம் 80 நிமிடங்கள், அதாவது இரண்டு பாடவேளைகள் போதும். அயற்பாடசாலை ஆசிரியர்கள் மாறிமாறி மதிப்பிட்டால் பாரபட்சக் குற்றச்சாட்டுக்கும் இடமிராது. கேட்டது விளங்கியதா, சொன்னது மற்றவருக்கு விளங்கியதா என்பவற்றுக்கே புள்ளி கொடுங்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை யாழ்ப்பாணத்து வாயால் ஆங்கிலம் பேசுவதற்காக ஒரு புள்ளியும் குறைய வேண்டாம். வகுப்பில் இலக்கணத்தைத் தமிழில் விளக்குவதையும் தடைசெய்ய வேண்டாம்; விளங்காமல் மனனம் செய்த வாக்கியம் பேச்சுக்கு உதவாது.

தீவகத்தைத் தனியாகக் கவனியுங்கள். குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போய்வரும் ஆசிரியரிடம் எல்லாச் சுமையையும் ஏற்றக்கூடாது. கேட்டல் பகுதிக்கான ஒலிப்பதிவுகளைத் திணைக்களமே தயாரித்து எல்லாப் பாடசாலைகளுக்கும் அனுப்பலாம். ஒரு கைத்தொலைபேசியும் சிறிய ஒலிபெருக்கியும் இருந்தால் போதும். வட்டுக்கோட்டையில் 1823 இல் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய உயர்கல்விக் கூடமான செமினரியின் ஆங்கிலப் புலமையைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசுகிறோம். அந்தப் பெருமையில் நெடுந்தீவுப் பிள்ளைக்கும் பங்கு கிடைக்கட்டும்.

அடுத்த ஆண்டின் முதலாம் தவணையில் ஒரு கல்விக் கோட்டத்திலாவது இதைத் தொடங்கிப் பாருங்கள். மாதிரி வினாக்களையும் புள்ளித் திட்டத்தையும் தயாரிக்க ஆசிரிய ஆலோசகர்களுடன் ஊதியமின்றிச் சேர்ந்து உழைக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.