பரிசளிப்புப் படம் இருக்கட்டும், முந்தின வாரமே தகவல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன மே மாதம் நம் குமரி மாவட்டச் செய்திப் பக்கத்தில் ஒரு படம் பார்த்தேன். நூலகம் ஒன்றில் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் இலவசமாக ஓவியமும் கதை சொல்லலும் நடத்தியிருக்கிறார்கள். கடைசி நாளில் எல்லோரும் சான்றிதழோடு வரிசையாக நிற்கிறார்கள். "இது எப்போம்மா நடந்தது?" என்றாள் ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள். நேற்றோடு முடிந்துவிட்டது. அந்த நூலகத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரப் பஸ் பயணம்தான். டவுன் பஸ்ஸில் எனக்கும் அவளுக்கும் டிக்கெட் கிடையாது, சின்னவனுக்கு அரை டிக்கெட். போயிருக்கலாம். தகவல்தான் இல்லை.

நான் தக்கலையில் ஒரு தையல் கடையில் வேலை பார்க்கிறேன். எங்கள் தெருவில் பாதி வீட்டில் அம்மாமார் அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரிப் பருப்பு ஆலைக்குப் போகிறவர்கள். ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் அடைத்தால் ஜூன் வரை பிள்ளைகள் தனியாகத்தான் வீட்டில். அபாகஸ், ரோபோ வகுப்பு என்று சுவர் முழுக்க நோட்டீஸ் இருக்கிறது. அந்தக் கட்டணத்தைக் கேட்டால் அடுத்த வருஷ நோட்டுப் புத்தகச் செலவு நினைவுக்கு வந்துவிடும். கடைசியில் போனைக் கொடுத்துவிட்டுப் போகிறோம்.

இலவசமாக எதுவுமே இல்லை என்று சொல்லமாட்டேன். சர்ச்சில் பத்து நாள் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி இருக்கிறது, கோயிலில் சமய வகுப்பு இருக்கிறது. நான் சின்னவளாக இருந்தபோது பிஸ்கட்டுக்கும் பாட்டுக்கும் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வி.பி.எஸ்.சுக்குப் போவோம், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். இப்போது அனுப்பவும் யோசிக்கிறார்கள், கூப்பிடவும் யோசிக்கிறார்கள். அதனால்தான் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார நூலகம் மாதிரி ஓர் இடம் வேண்டும் என்கிறேன். நாம் கட்டும் வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகப் போகிறது. ஆக, அங்கே நடப்பதை இலவசம் என்று சொல்வதும் முழுக்கச் சரியில்லை. காசு ஏற்கெனவே கொடுத்தாயிற்று.

நாகர்கோவில் அறிஞர் அண்ணா விளையாட்டரங்கில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கோடை முகாம் நடக்கும். நல்ல விஷயம். ஆனால் விடிகாலைப் பயிற்சிக்கு அழகியமண்டபத்திலிருந்து பிள்ளையை யார் கொண்டுவிடுவது? தூத்தூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கவலை இல்லை. கடற்கரை மணலில் பந்து உருட்டியே ஆட்டம் பழகிவிடுகிறார்கள்.

எங்கள் பக்கம் மைதானம் இருக்கிறது, அரசுப் பள்ளிக்குள். மே மாதம் பூட்டு. ஊர் கிளப்பில் கேரம் போர்டு, செஸ், ஓர் அலமாரி நிறையப் புத்தகம். அதுவும் பூட்டு. ஓணத்துக்கும் ஆண்டு விழாவுக்கும் மட்டும் திறந்து மைக் கட்டுவார்கள். சாக்கு ஓட்டத்துக்கு நன்கொடை கேட்டு வீடு வீடாக வரும் இளைஞர்கள் மே மாதத்தில் தினமும் இரண்டு மணி நேரம் கதவைத் திறந்து வைத்தால் போதும். செலவு ஒன்றும் இல்லை.

பூட்டிய இடங்களுக்கு வெளியே பிள்ளைகளுக்கு இருப்பது தண்ணீர். அதுதான் எனக்குப் பயம். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் அலை இழுத்து மருத்துவ மாணவர்கள் 5 பேர் இறந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். படித்த பெரிய பிள்ளைகளுக்கே அப்படி. எங்கள் காலத்தில் இரண்டு தேங்காய் நெற்றைச் சேர்த்துக் கட்டிக் குளத்தில் நீச்சல் பழக்க ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருந்தார்கள். இன்றைக்குக் குளம் இருக்கிறது, பழக்க ஆள் இல்லை. தீயணைப்பு வீரர்களைக் கொண்டு பஞ்சாயத்துக்கு ஒரு குளத்தில் பத்து நாள் நீச்சல் வகுப்பு நடத்தினால் எத்தனை வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள்!

பிறகு நாங்களே கூட்டிப்போகக்கூடிய இடங்கள். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிதறால் மலைக்குப் போனோம். மேலே பாறையில் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர்களைப் பார்த்த என் மகன், "இவ்வளவு பேரையும் ஒரே பாறையிலயா வெட்டினாங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். மத்தியத் தொல்லியல் துறையின் இடங்களில் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. இதுவும் எனக்குப் பின்னாலேதான் தெரிந்தது. அப்புறம் கவிமணி பிறந்த தேரூர். சுசீந்திரம் - தேரூர் ஈரநிலம் 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. கோடையில் வலசைப் பறவைகள் திரும்பிப் போயிருக்கும், ஆனால் கொக்கும் நாரையும் எங்கும் போவதில்லை. பறவை தெரிந்த ஓர் ஆசிரியர் ஒரு காலை நேரம் கரையில் நின்று பெயர் சொல்லிக் காட்டினால் போதும்.

உங்களிடம் கேட்பது இதுதான். ஏப்ரல் இரண்டாவது வாரத்திலிருந்து சனிக்கிழமைதோறும் அரைப் பத்தி ஒதுக்குங்கள். எங்கே, எந்தத் தேதி, என்ன வயது, எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும், காசு உண்டா இல்லையா என்று மட்டும் போடுங்கள். நூலகம், பள்ளி, கிளப், கோயில், சர்ச், பள்ளிவாசல் யார் நடத்தினாலும் சரி, ஒரு வாரம் முன்பே உங்களுக்கு எழுதட்டும். சான்றிதழ் கொடுக்கும் படத்தை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

எங்கள் ஊர் கிளப் சாவி யாரிடம் இருக்கிறது என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறேன். பழைய செயலாளர் துபாய் போய்விட்டாராம், சாவி அவருடைய அம்மாவிடம் இருக்கலாம் என்கிறார்கள். கிடைத்துவிட்டால் அந்த அரைப் பத்திக்கு முதல் தகவலை நானே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அழகியமண்டபம்.