கடைவீதி மேம்பாட்டுப் பணி: கல் பதிக்கும் முன் கவனிக்க வேண்டியவை குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்
கடைவீதியில் தையல் கடை நடத்துபவரும்
உடன் கையெழுத்திட்டுள்ள வியாபாரிகள், குடியிருப்போரும்

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்.

பொருள்: கடைவீதி மேம்பாட்டுப் பணி – நிலத்தடி வேலைகளை முதலில் முடிக்கவும், நிரந்தர வேலைக்கு முன் மூன்று மாதம் சோதனை நடத்தவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடைவீதியை மேம்படுத்த மாநகராட்சி முன்வந்திருப்பதை நாங்கள் வரவேற்கிறோம். மனு என்றாலே வேலையை நிறுத்தச் சொல்லி வந்திருக்கிறார்கள் என்ற எண்ணம் வரலாம் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வேலை நடக்க வேண்டும். எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்பதில்தான் எங்கள் கவலை.

தெருமுனையில் வைத்திருக்கும் வரைபடத்தை எல்லோரும் நின்று பார்த்தோம். அகலமான நடைபாதை, கருங்கல் தளம், விளக்குத் தூண்கள், இருக்கைகள், மரங்கள். பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்தப் படத்தில் சரக்கு இறக்கும் வண்டி ஒன்றுகூட இல்லை, ஒரு சாக்கடை மூடிகூட இல்லை. இந்தத் தெருவில் எங்கள் பாதி நாள் இவை இரண்டோடுதான் கழிகிறது.

என் கடைக்கு முன்பு மூன்று படிகள் இருந்தன. இப்போது ஒன்றுதான் இருக்கிறது. படியை யாரும் இடிக்கவில்லை, சாலை உயர்ந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டதன் விளைவு இது. அரை மணி நேரம் நல்ல மழை பெய்தால் தண்ணீர் உள்ளே வந்து தையல் எந்திரத்தின் மிதியைத் தொட்டுவிடும். மழைநீர் வடிகால் இருக்கத்தான் செய்கிறது. அதன் வாய் மட்டும் சாலைக்குக் கீழே புதைந்து கிடக்கிறது. எனவே நடைபாதைக் கல்லைத் தொடும் முன், பழைய தார் அடுக்குகளைச் சுரண்டி எடுத்து, சாலை மட்டத்தைக் கடை வாசல்களுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். அந்த மட்டத்தை ஒப்பந்தப் பத்திரத்திலேயே எண்ணாகக் குறிப்பிட வேண்டும் என்று கேட்கிறோம்.

அடுத்தது தோண்டல். குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, மின் கேபிள், தொலைத்தொடர்பு கேபிள் நான்கும் நான்கு பேர் கையில் இருக்கின்றன. ஒருவர் மூடிவிட்டுப் போன மறுமாதம் இன்னொருவர் திறக்கிறார். தார்ச் சாலையிலாவது ஒட்டுப் போட்டுச் சமாளிக்கலாம். கருங்கல் தளத்தைப் பெயர்த்தால் அதே கல் அதே மட்டத்தில் திரும்பி உட்காராது. அந்த இடத்தில் சிமென்ட் கலவையைக் கொட்டிவிட்டுப் போவார்கள். ஆகவே எல்லாத் துறையினரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, மாற்ற வேண்டிய குழாய்களை இப்போதே மாற்றச் சொல்லுங்கள். இனி வரப்போகும் கேபிள்களுக்கு வெற்றுக் குழாய்களை முன்கூட்டியே பதித்து வைக்கலாம். அதன்பின் அவசரப் பழுது தவிர வேறெதற்கும் சில ஆண்டுகளுக்குத் தோண்ட அனுமதி தராதீர்கள். அப்படியும் தோண்டுபவர் தன் செலவிலேயே பழையபடி கல் பதித்துக் கொடுக்க வேண்டும்.

நடைபாதையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். என் கடைக்கு வாரம் ஒருமுறை வரும் நண்பர் ஒருவருக்குப் பார்வை கிடையாது. போன முறை நடந்த வேலையில் மஞ்சள் நிறப் புடைப்புக் கற்களை வரிசையாகப் பதித்தார்கள். ஜப்பானில் செய்இச்சி மியாகே என்பவர் 1965இல் உருவாக்கி, 1967இல் ஒகயாமா நகரத்தில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டவை அந்தக் கற்கள். நீளக் கோடு இருந்தால் 'நேரே நட', புள்ளிகள் இருந்தால் 'நில், கவனி' என்று பொருள். நம் தெருவில் நீளக் கோடு நேராகப் போய் ஒரு மின்பெட்டியில் முட்டி நிற்கிறது. புள்ளிக் கல் எங்குமே இல்லை. நண்பர் முதல் நாள் அந்தக் கோட்டை நம்பி நடந்து நெற்றியில் அடிபட்டு வந்தார். 'இந்தக் கல்லே இல்லாதிருந்தால் மெதுவாகத் தடவித் தடவி வந்திருப்பேன்' என்றார். பதித்தவர்கள் மேல் எங்களுக்குக் கோபமில்லை. எதற்கு இந்தக் கல் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த முறை பார்வையற்ற ஒருவரும் சக்கர நாற்காலியில் செல்லும் ஒருவரும் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போய்ப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகே ஒப்பந்ததாரரின் பில் பாஸ் ஆக வேண்டும்.

சாலையைக் கடப்பதும் இதே கதைதான். தெருவின் அகலம் சுமார் 14 மீட்டர். நடப்பவர் விநாடிக்கு 1.2 மீட்டர் போவார் என்று வைத்துக்கொண்டு சிக்னல் நேரம் கணக்கிடுவது பல நாடுகளில் வழக்கம். அந்தக் கணக்கில் 12 விநாடி போதும். ஆனால் மூட்டுவலியோடு கையில் பையும் தூக்கி வருபவர் விநாடிக்கு 0.8 மீட்டர் போனாலே பெரிது. அவருக்குப் பதினேழு, பதினெட்டு விநாடி வேண்டும். குறைகிற அந்த ஆறு விநாடியில் அவர் நடுச்சாலையில் நின்று இரண்டு பக்கமும் கையைக் காட்டிக்கொண்டிருப்பதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். நடப்பவருக்கான பச்சை விளக்கை ஆறு விநாடி நீட்டுங்கள். கூடவே தெருவில் வேக வரம்பை 30 கிலோமீட்டராகக் குறையுங்கள். 50இல் வரும் வண்டி மோதும்போது உள்ள ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும் அளவுதான் 30இல் இருக்கும்.

இனி வியாபாரிகளின் பக்கம். வண்டியை நிறுத்த இடமில்லை என்றால் வாடிக்கையாளர் வரமாட்டார் என்ற பயம் எங்களில் பலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது. என் பெயர்ப்பலகையையே நடைபாதையில்தான் வைத்திருந்தேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். இந்தப் பயம் புதிதல்ல. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரத்தில் ஸ்ட்ரோகெட் என்ற கடைத்தெருவில் 1962இல் வாகனப் போக்குவரத்தைத் தடை செய்தபோது அங்குள்ள கடைக்காரர்களும் இதையேதான் சொன்னார்கள். அந்த நகராட்சி முதலில் சோதனையாகத்தான் தொடங்கியது; 1964இல் நிரந்தரமாக்கியது. நியூயார்க்கில் டைம்ஸ் சதுக்கத்தை ஒட்டிய பிராட்வே சாலையில் 2009இல் வாகனப் போக்குவரத்தைத் தடை செய்தபோது, கல் எதுவும் பதிக்கவில்லை. தரையில் வண்ணம் அடித்து, மலிவான மடக்கு நாற்காலிகளைப் போட்டார்கள். என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு, 2010இல்தான் நிரந்தரம் என்று அறிவித்தார்கள்.

நாங்கள் கேட்பதும் அதுதான். கல்லுக்கு டெண்டர் விடும் முன், மூன்று மாதம் பெயின்டும் நகர்த்தக்கூடிய தடுப்புகளும் போதும். விரிவாக்கப் போகும் நடைபாதையைத் தரையில் வரைந்து காட்டுங்கள். சரக்கு வண்டிகளுக்குக் காலையில் கடை திறக்கும் முன் ஒரு நேரம் ஒதுக்குங்கள். சோதனைக்கு முன்னும் பின்னும், வேலை நாளில் ஒரு முறை, விடுமுறை நாளில் ஒரு முறை, தெருவில் போகும் மனிதர்களை எண்ணச் சொல்லுங்கள். வண்டிகளை எண்ணிய கணக்கு திட்ட அறிக்கையில் இருக்கிறது. நடப்பவர்களை எண்ணிய கணக்கு அதில் ஒரு பக்கத்திலும் கிடையாது. கணக்கு எங்களுக்கு எதிராக வந்தால் ஏற்றுக்கொள்கிறோம். தடுப்பு தவறான இடத்தில் இருந்தால் ஒரே இரவில் நகர்த்திவிடலாம், கல்லை அப்படி நகர்த்த முடியாது.

தெருவோர வியாபாரிகளை வேலை தொடங்கும் நாளில் அள்ளிப்போட்டுக்கொண்டு போகாமல், வரைபடத்திலேயே அவர்களுக்கு இடம் குறித்துக் கொடுக்க வேண்டும். நடப்பவர்களுக்குக் குறைந்தது 2 மீட்டர் தடையில்லாமல் விட்டுவிட்டு மீதியில் அவர்கள் இருக்கலாம். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே போக அது போதும். கழிப்பறை ஒன்று வேண்டும், பெண்களுக்கு அவசியம் வேண்டும். காலை முதல் இரவு வரை கடையில் நிற்கும் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே இருக்கப் பழகிவிட்டார்கள்.

பராமரிப்பு யார் பொறுப்பு என்பதும் திட்டத்தில் இல்லை. போன முறை நட்ட மரங்களின் அடியைச் சுற்றிக் காங்கிரீட்டைப் பூசிவிட்டார்கள். நான்கில் மூன்று காய்ந்துவிட்டன. நான்காவது என் கடைப் பையன் தினமும் ஊற்றும் ஒரு வாளித் தண்ணீரால் நிற்கிறது. மரத்துக்கு அடியில் மண்ணை விடுவதும், ஐந்தாண்டுப் பராமரிப்பை ஒப்பந்தத்தில் சேர்ப்பதும் செலவை அதிகம் கூட்டாது என்று நினைக்கிறோம்.

கல் பதிப்பு டெண்டரைச் சோதனை முடியும் வரை ஒத்திவைத்து, மேற்கண்டவற்றைத் திட்டத்தில் சேர்க்க உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். தங்கள் பொறியாளரை ஏதாவது ஒரு நாள் மாலை 6 மணிக்கு, அளவு நாடாவோடு அனுப்பி வையுங்கள். மேலே சொன்ன நண்பரும் நானும் அவரோடு தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து காட்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
கடைவீதி வியாபாரிகள், குடியிருப்போர்

இணைப்பு: கையெழுத்துப் பட்டியல், மின்பெட்டி, புதைந்த வடிகால் வாய், காய்ந்த மரங்களின் புகைப்படங்கள்.